ஒரு டெனிம், ஒரு உடம்பு

அம்ஹரின் கடைக்கு எதிரே காரை நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டான் நப்லான். ஆனால் இறங்கவில்லை. கலேவெல ஞாயிற்றுச் சந்தை கண்ணாடிக்கு வெளியே இரைந்துகொண்டிருந்தது. பின் ஆசனத்தில் ஒரு துணிப்பை. பைக்குள் அவனுடைய வாப்பாவின் டெனிம் ஜீன்ஸ். இருபத்திரண்டு மாதம் அதை வாப்பா போட்டார். வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு இரண்டு மாதம் நப்லான் போட்டான். அவன் போட்டது வீட்டில் உம்மாவுக்கு மட்டும் தெரியும். கடைக்குள் காத்திருந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதைத் தவிர அன்றைக்கு அவனுக்கு வேறு நினைப்பு இல்லை.

கடைக்குள் இருந்தவர்களுக்கு விதி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு டெனிம், ஒரு உடம்பு.

நாம் கடையில் வாங்கும் டெனிம் ஆலையிலேயே துவைத்து, உரசி, வெளிறவைத்து வருவது. கழுவாத டெனிம் அப்படியல்ல. தறியை விட்டு வந்தபடியே கஞ்சி விறைப்போடு இருக்கும். தரையில் வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும். நீலம் இருட்டாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு, கழுவாமல், மாதக்கணக்கில் நடந்தால், குனிந்தால், உட்கார்ந்தால், மடிப்பு விழுகிற இடத்திலெல்லாம் நீலம் உதிர்ந்து வெளிர்கோடு விழும். ஒருவருக்கு விழுகிற கோடு இன்னொருவருக்கு விழாது.

மாத்தளை மாவட்டத்தில் இந்தப் பித்துப் பிடித்தவர்கள் பதினொரு பேர். வாட்ஸ்அப்பில் ‘மாத்தளை நீலம்’ என்று ஒரு குழு. கலேவெலயில் பழைய பாணி உடுப்புக் கடை வைத்திருக்கும் அம்ஹர் அதற்குத் தலைவர் மாதிரி. நாலந்தாவில் நீர்ப்பாசன வேலையில் இருக்கும் பிருந்தாபன் செயலாளர் மாதிரி. விதியை எழுதியவர் அவர்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஏதோ ஓர் ஆலையின் மிச்சத் துணிச் சுருள் ஒன்று அம்ஹருக்குக் கிடைத்தது. அந்த ஒரே சுருளில் பதினொரு டெனிமும் தைத்தவள் இலட்சுமி. மாத்தளைக்கு மேலே தோட்டத்து லய வீட்டிலிருந்து கார்மென்ட் ஆலைக்கு வேலைக்குப் போகிறவள். பதினோராவது டெனிம் அவளுக்கு. எல்லோரும் ஒரே வெள்ளிக்கிழமை போட ஆரம்பித்தார்கள். இரண்டு வருடம் முடிந்ததும் ஒரே மேசையில் விரித்து வாசிப்பது என்று ஏற்பாடு.

வாசிப்பு என்று அவர்கள் சொல்வது இதுதான். டெனிமுக்கு உரியவர் மேசைத் தலைப்பில் கதிரை போட்டு உட்கார வேண்டும். மற்றவர்கள் துணியைப் பார்த்து ஆளைச் சொல்வார்கள். உரியவர் விளக்கம் கொடுக்கக் கூடாது. ‘ஆமா’, ‘இல்ல’ என்ற இரண்டு சொல் மட்டும்தான். வாசித்து முடிந்ததும் டெனிமின் படம் ஆல்பத்தில் ஏறும். கீழே பெயரும் ஊரும் எழுதப்படும். அம்ஹரின் கடைக்கு வருகிற கண்டிக்காரர், குருநாகல்காரர் எல்லாரும் புரட்டிப் பார்க்கிற ஆல்பம்.

நப்லானின் வாப்பா மஹ்ரூப் மாஸ்டர் காத்திருந்தது அந்தப் பக்கத்துக்காகத்தான்.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூடத்து மாஸ்டர் அல்ல. மாத்தளையில் முப்பத்தொரு வருடம் கார் ஓட்டப் பழக்கியவர். பட்டணத்தில் லைசன் எடுத்தவர்களில் பாதிப் பேர் அவருடைய இடது பக்க ஆசனத்துக்குப் பக்கத்தில் இருந்து வியர்த்தவர்கள்தான். அந்த ஆசனத்துக்குக் கீழே அவருக்கென்று தனியாக ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் இருந்தன. அவர் சத்தம் போட்டதாக யாரும் சொன்னதில்லை. பஸ் நேரே வந்தாலும், நாய் குறுக்கே பாய்ந்தாலும், “மெதுவா. எடம் ஈக்கி” என்பார், இடம் இருக்கிறது என்று. அவ்வளவுதான். கல்யாண வீட்டில், பள்ளிவாசலில், கடைத்தெருவில் எங்கேயும் அதே குரல். மாஸ்டருக்குப் பயமே கிடையாது என்று ஊர் சொன்னது. நப்லானும் அப்படித்தான் நம்பினான்.

ஐம்பத்தேழு வயது வரை அவர் டெனிம் போட்டதே இல்லை. அம்ஹர் மூன்று தடவை லைசன் ட்ரயலில் தோற்று நான்காம் தடவை பாஸான சந்தோஷத்தில் ஒரு டெனிமைக் கொண்டுவந்து நீட்டினார். “மாஸ்டர், இத மட்டும் கழுவிப் போடாதீங்க.” பீஜ் நிறக் களிசானைத் தவிர வேறெதையும் அவர் போட்டுக் கண்டிராத மனைவி நூருன்னிஸா அந்த விறைத்த சாமானைப் பார்த்து, “இது உடுப்பா, பலகையா?” என்று கேட்டாள். தொழுவதற்கு ஒரு சாரத்தைக் காரிலேயே மடித்து வைத்துக்கொண்டார் மஹ்ரூப். அடுத்த வாசிப்புக்கு அம்ஹர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். தன்னைப் பற்றி வாய் திறக்காத மனிதர். அங்கே வாய் திறக்கத் தேவையும் இல்லை. சும்மா உட்கார்ந்தால் போதும், மற்றவர்கள் சொன்னார்கள். அன்று வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டில் இரண்டு தரம் சிரித்தார். பிறகு எந்த வாசிப்பையும் அவர் தவறவிடவில்லை.

சுருள் டெனிமைப் போட ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் ஜும்ஆ முடிந்து வந்ததும் அதை ஒரே ஆணியில் மாட்டி, ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து மகனுக்கு அனுப்புவார். நப்லான் பல்லேகலப் பக்கம் ஒரு சலவை ஆலையில் லேசர் இயந்திரம் பார்க்கிறவன். புது டெனிமில் பழைய மடிப்புக் கோடுகளை லேசரால் எரித்துப் பதிப்பதுதான் அவன் தொழில். படத்துக்குக் கீழே வாப்பா எழுதுவார்: “ஒன்ட மெசினுக்கு மூணு நிமிசம். எனக்கு மூணு மாசம். எது நல்லம்?” அவன் பதிலுக்கு ஒரு பெருவிரல் அனுப்புவான். மொத்தம் இருபத்திரண்டு படங்கள். இருபத்திரண்டு பெருவிரல்கள்.

இருபத்திரண்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவிகாரைக்குக் கிட்ட, மாஸ்டர் ஆசனத்தில் இருந்தபடியே மௌத்தானார். ஓட்டிக்கொண்டிருந்தது மபாஸா என்ற இளம் டீச்சர். ஜனாஸா எடுத்த பிறகு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். எதிரே ஒன்றும் இல்லை. மாஸ்டர் கையைத் தொடையில் துடைத்தார், பிரேக்கை மிதித்தார், கார் நின்றது. ஓரம் எடுக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்துக் காத்திருந்தாளாம். “சிக்னல் போடவா மாஸ்டர்?” என்று இரண்டு தரம் கேட்டாளாம். காரில் ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில் டெனிமைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள். எட்டாம் நாள் நப்லான் பையை அவிழ்த்தான். அன்றே அதைப் போட்டுக்கொண்டான்.

வாப்பாவின் நாட்காட்டியில் வெள்ளிக்கிழமைகளுக்கு எதிரே சரி அடையாளங்கள் இருந்தன. அந்தச் செவ்வாயோடு அவை நின்றிருந்தன. எட்டு வெள்ளிகள் வெறுமையாகக் கிடந்தன. பாதியில் நின்ற சோதனையைப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை. இன்னோர் உடம்பு ஏறினால் பழைய கோடு அழியும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். அவன் சோறு தின்பதே அந்த அறிவில்தான். ஆனால் அந்த எட்டு வாரமும் அது அவன் நினைவுக்கு வரவே இல்லை. வாப்பாவின் காரில் ஏறி, வாப்பாவின் டெனிமோடு வேலைக்குப் போய் வந்தான். வாப்பாவுக்கு இடுப்பு முப்பத்தாறு. அவனுக்கு முப்பத்தொன்று. பெல்ட்டை இழுத்துக் கட்டினான். உம்மா ஒரு தடவைதான் கேட்டாள்: “மையத்து உடுப்ப இப்பிடிப் போட்டுக்கிட்டுத் திரியணுமா மகன்?” 

வாசிப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இருபத்திரண்டாம் படத்தைக் கணினியில் ஏற்றி, டெனிமைப் புதிதாகப் படம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தான். இடது இடுப்பின் மூன்று கோடுகளும் நான்கு மில்லிமீற்றர் விலகியிருந்தன. அவற்றுக்குக் கீழே, பதினொரு மில்லிமீற்றர் தள்ளி, புதிதாக ஒரு கோடு. அது அவனுடையது. வாப்பாவின் கணக்கை அவன் முடித்து வைத்துக்கொண்டிருக்கவில்லை. அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், இயந்திரக் கூடத்தில் யாரும் இல்லாதபோது, டெனிமை லேசர் மேசையில் போட்டான். படத்திலிருந்து வாப்பாவின் கோடுகளைப் பிரித்து எடுத்திருந்தான். வழிகாட்டி விளக்கை இயக்கினான். துணிமேல் சிவப்பு ஒளியில் வாப்பாவின் இடுப்பு விழுந்தது. பொத்தானை அழுத்தினால் ஐம்பது விநாடியில் முடிந்துவிடும். யாருக்கும் பிடிபடாது; பிடிபடாமல் செய்வதுதானே அவனுக்குச் சம்பளம். விரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. அப்போதுதான் மற்றப் படங்களையும் திறந்து பார்த்தான். இருபதாம் மாதக் கோடு ஓரிடம், இருபத்தோராம் மாதக் கோடு இன்னோரிடம். வாப்பாவே மாதத்துக்கு மாதம் நகர்ந்துகொண்டிருந்தார். எந்த மாதத்து வாப்பாவை எரிப்பது? விளக்கை அணைத்துவிட்டு டெனிமைச் சுருட்டிப் பையில் வைத்தான்.

இப்போது அந்தப் பைதான் பின் ஆசனத்தில் கிடந்தது.

அம்ஹர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். சுருட்டிவிட்ட கை, பழைய காலத்து ரயில்வேக்காரர் மாதிரித் தடித்த நீலச் சட்டை. கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

“என்ன மகன், உள்ளுக்கு வாற யோசன இல்லயா? மாஸ்டர்ட கதிரைய ஒனக்கு வெச்சிட்டு ஈக்கிறம்.”

“வாறேன் நானா.” அம்ஹரை எல்லாரும் நானா, அண்ணன், என்றே கூப்பிட்டார்கள்.

கடையின் நடு மேசையில் இருந்த சட்டைகளையெல்லாம் அள்ளி ஓரத்தில் குவித்திருந்தார்கள். சுற்றிப் பதினேழு பேர். குழுவின் பத்துப் பேரும், வேடிக்கை பார்க்க வந்த கண்டிக்காரர் சிலரும். எல்லோருடைய காலிலும் கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்ட டெனிம். மேசையில் அப்போது பிருந்தாபனின் டெனிம் விரித்திருந்தது. அம்ஹர் அதன் முழங்காலைத் தடவினார்.

“சேர், இது ரெண்டும் புதுசு மாதிரி ஈக்கி. கள வேல, கள வேலண்டு சொல்றது, ஒபிஸ் கதிரையிலயா?”

“இல்லை.”

“வாசிப்புல பொய் சொல்ல ஏலா சேர். நீங்களே எழுதின விதி.”

பிருந்தாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆமா.”

கடை சிரித்தது. இலட்சுமி மட்டும் சிரிக்காமல் டெனிமைப் புரட்டி, “இருக்கிற பக்கம் பாருங்க, கண்ணாடி மாதிரி. கதிரைக்குத்தான் ஆல்பம் குடுக்கணும்” என்றாள். சிரிப்பு இரண்டாவது தரமும் எழுந்தது. நப்லான் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு அவனுடைய முறை வந்தது.

கதிரையில் உட்கார்ந்தான். அம்ஹர் டெனிமைப் பையிலிருந்து எடுத்தார். மேசையில் மெதுவாக விரித்தார், ஆளைப் படுக்க வைப்பது மாதிரி. கொஞ்ச நேரம் யாரும் கிட்ட வரவில்லை.

“ஆஸ்பத்திரியால வந்த நாள்ல இருந்து பைக்குள்ள வெச்சதுதானே?” அம்ஹர் சும்மா பேச்சுக்குக் கேட்டார். வாசிப்பு இன்னும் தொடங்கவில்லை என்பதால் நப்லான் தலையை மட்டும் அசைத்தான். எந்தப் பக்கம் அசைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அம்ஹர் ஆரம்பித்தார். “முழங்காலுக்குப் பின்னுக்குப் பாருங்க. ரெண்டும் ஒரே ஆழம். சும்மா ஓட்டுறவனுக்கு ஒரு பக்கம் தான் கூட விழும். இவருக்கு ஒரு கால் கிளச்சுக்கு மேல, ஒரு கால் பிரேக்குக்கு மேல. நாள் முழுக்கத் தூக்கின கால். சரியா?”

“ஆமா.”

“வலது தொடையில இந்த வெள்ளை. இதப் போன வருச ஒத்திகையிலயே சொல்லிட்டம். புரியாணிக் கை. திண்டுட்டுக் களிசான்ல துடைக்கிறது. மாஸ்டரே ஆமாண்டு சொன்னார்.”

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நப்லானும் அன்று கேட்டுச் சிரித்தவன்தான். “ஆமா” என்றான்.

பிருந்தாபன் உருக்கு அளவுகோலோடு குனிந்தார். அவருக்கு எதையும் அளந்தால்தான் திருப்தி. இடது இடுப்பில் அளவுகோலை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

“இதில ஒரு கோடு கூடவா கிடக்குது.”

“வயசான மனிசன் சேர், நாலு கோடு கூட விழும் தானே” என்றார் அம்ஹர்.

“கூட விழலாம். இது குறுக்க விழுந்திருக்குது. இலட்சுமி, இஞ்ச ஒருக்கா வாரும்.”

நப்லானின் கழுத்துக்குப் பின்னால் மின்விசிறி சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு. அவன் அதை எண்ணினான். பதினான்கு வரை எண்ணினான்.

இலட்சுமி இடுப்புப் பட்டிக்குள் கையை விட்டு முஷ்டி பிடித்து விரித்தாள். பெல்ட் கண்ணிகளுக்கு நடுவே துணி எங்கெங்கே சுருங்கியது என்று பார்த்தாள். டெனிமை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். உள்பக்கம் பார்த்தாள். அங்கே கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு கீழே வைத்தாள். அவள் நப்லானைப் பார்க்கவில்லை.

“இதுல ரெண்டு இடுப்பு இருக்குங்க.”

அம்ஹரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. பிருந்தாபன் நிமிர்ந்தார்.

“தம்பி. இதை வேற ஆரும் போட்டதோ?”

சொல்ல ஒரே ஒரு சொல்தான். ‘இல்ல’ என்று சொல்லலாம். அவர்களால் நிரூபிக்க முடியாது. வாப்பாவின் பக்கம் ஆல்பத்தில் ஏறும். கீழே மஹ்ரூப், மாத்தளை. மேலே மகனுடைய இடுப்பு.

“ஆமா.”

“ஆர் போட்டது?”

“சேர், அப்பிடிக் கேக்க ஏலா” என்றார் அம்ஹர். குரல் இறங்கியிருந்தது. “ஆமா, இல்ல மட்டும் தான்.”

“நீங்களோ?”

“ஆமா.”

“மாஸ்டர் மோசம் போனதுக்குப் பிறகு?”

“ஆமா.”

கண்டிக்காரர் ஒருவர் நாக்கால் ‘ச்’ என்றார். அம்ஹர் சட்டைக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “ஏன்டா மகன்...” என்று தொடங்கியவர், அது ஆமா-இல்லைக்குள் அடங்காத கேள்வி என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

பிருந்தாபன் அளவுகோலைச் சட்டைப் பையில் செருகினார். “ஆல்பத்தில ஏத்தேலாது.”

“மௌத்தான மனிசன் சேர். ரெண்டு மாசம்தானே.”

“மோசம் போன மனிசன் எண்டபடியால்தான் சொல்லுறன், அம்ஹர். அந்தாளின்ர பேரை எழுதிப்போட்டு மேல இன்னொராளின்ர இடுப்பை எப்படி ஒட்டுறது? உயிரோட இருந்தா அந்தாளே வேண்டாமெண்டு சொல்லியிருக்கும்.”

 சேர் சொன்னது சரிதான் என்று நப்லானுக்கும் பட்டது. அவன் எழுந்தான். டெனிமின் கால்களைச் சேர்த்து மடிக்கப் போனான். இலட்சுமி அதன்மேல் கையை வைத்தாள்.

“இருங்க தம்பி. இன்னும் வாசிச்சு முடிக்கல.” பிருந்தாபனைத் திரும்பிப் பார்த்தாள். “ஆல்பத்துல ஏறாட்டி வாசிக்கக் கூடாதுன்னு விதி இருக்காங்க சேர்?”

பிருந்தாபன் யோசித்தார். “இல்லை.”

“அப்ப உக்காருங்க தம்பி.”

உட்கார்ந்தான். இலட்சுமி வலது தொடையின் வெள்ளையில் விரலை வைத்தாள்.

“அம்ஹர் நானா, இது புரியாணிக் கை இல்லீங்க. எண்ணெய் பட்டா துணி கறுக்கும். இது வெளுத்திருக்கு. வேர்வை. சாப்பிட்ட கைய விரலாலதான் தொடைப்போம், கீழ் நோக்கி. இது உள்ளங்கை. மேலயும் கீழயும் போயிருக்கு, ஒரே எடத்துல, ஆயிரம் தடவ.”

அவள் மேசையிலிருந்து ஓரடி பின்னால் போய்த் தன் இடது தொடையைக் காட்டினாள். அங்கேயும் அதே மாதிரி ஒரு வெளிர்ந்த இடம். உள்ளங்கை அளவு.

“எனக்கு எடது. வலது கை துணிய விடாது. லைன்ல மணிக்கு எத்தன பீஸ்னு போர்டுல எழுதிட்டுப் பின்னால வந்து நிப்பாங்க. அந்த நேரத்துல எங் கை இதத்தான் செய்யும். மொகத்துல ஒண்ணும் தெரியாது. நீங்க யாராவது என்னப் பாத்து, இவ பயப்படுறான்னு சொல்லியிருக்கீங்களா?”

யாரும் சொன்னதில்லை.

“மாஸ்டரு பயந்துகிட்டேதான் இருந்திருக்காரு. நாள் பூரா. ஆமாவா தம்பி, இல்லயா?”

 ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

பதினெட்டு வயதில் நப்லான் வெளியே நின்ற அதே காரில்தான் வாப்பாவிடம் பழகினான். அலுவிகாரை ஏற்றத்தில் எதிரே பஸ் வந்து, அவன் கை பதறி, ஸ்டியரிங் திரும்பாமல் போன நாள். “எடம் ஈக்கி” என்றார் வாப்பா. அந்தக் குரலைத்தான் இத்தனை வருடமும் நினைவில் வைத்திருந்தான். கண் ரோட்டில் இருந்தது. வாப்பாவின் கையை அவன் பார்க்கவே இல்லை. யாரும் பார்த்திருக்க முடியாது. பழகுகிறவர்களின் கண் எப்போதும் ரோட்டில்தான் இருக்கும். மபாஸா மட்டும் பார்த்திருக்கிறாள். கையைத் தொடையில் துடைத்தார், பிரேக்கை மிதித்தார்.

“ஆமா” என்றான்.

அம்ஹர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தரம் தோற்ற தன்னுடைய ட்ரயல்களை நினைத்தாரோ என்னவோ. “நான் தான் ஆகக் கூடப் பயம் காட்டியிருப்பேன்” என்றார்.

“இன்னொண்ணு” என்றாள் இலட்சுமி. “இடுப்புல ரெண்டு பேரப் பிரிச்சுச் சொல்லலாம். முழங்கால்லயும் சொல்லலாம். இங்க மட்டும் முடியல. ஒரே கை மாதிரி இருக்கு.”

நப்லான் குனிந்து பார்த்தான். அவனுடைய வலது கை, அவனுடைய சாதாரணக் களிசானின் தொடையில், மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. கையை எடுத்துக் கதிரைக் கைப்பிடியில் வைத்தான்.

படம் எடுக்கவில்லை. அம்ஹர் பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார். நப்லான் பேருக்குக் குடித்துவிட்டு எழுந்தான். வாசல் வரை வந்த பிருந்தாபன், “கோபிக்க வேண்டாம் தம்பி” என்றார். “இல்ல” என்றான் நப்லான். இன்னும் அந்த இரண்டு சொல்லுக்குள்ளேயே இருந்தான்.

மாத்தளை வரை இலட்சுமியும் காரில் வந்தாள். இடது ஆசனத்தில் ஏறி, காலடியில் இருந்த கிளச்சையும் பிரேக்கையும் கண்டதும் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நாலந்தா தாண்டியதும் கேட்டாள்.

“உள்பக்கம் ஒரு தையல் இருக்கு, பாத்தீங்களா?”

“இல்ல.”

“தொடைத் துணிக்கு உள்ளால, வெள்ளைக்கு நேரா. கைத்தையல். நீல நூல்ல, சின்னச் சின்னதா. துணி நூலாப் போயிருந்த எடத்துல வெளியில தெரியாம பிடிச்சிருக்கு. நான் தச்சது இல்ல. உங்க தையலா?”

“எனக்குத் தைக்கத் தெரியாது அக்கா.”

“தெரியும். அந்தத் தையல் பழசு, நீலம் அதுமேலயும் ஏறியிருக்கு. மாஸ்டரு இருக்கும்போதே போட்டது.”

“அங்க ஏன் சொல்லல?”

“சொன்னா மூணு பேருன்னு ஆகிடும். சேருக்குப் புதுசா விதி எழுத வேண்டி வரும், பாவம்.”

நப்லான் சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை. அலுவிகாரை நெருங்கியதும் கார் தன்னால் வேகம் குறைந்தது மாதிரி இருந்தது. குறைத்தது அவன் கால்தான்.

“இங்கயா?”

“ஆமா.”

“வாசிப்பு முடிஞ்சிருச்சு தம்பி. வேற வார்த்தையும் பேசலாம்.”

அவன் பேசினான். கொஞ்சம்தான். வியாழக்கிழமை லேசர் மேசையில் போட்டதைச் சொன்னான். பொத்தானில் விரல் வைத்ததைச் சொன்னான். இலட்சுமி ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். எதிரே ஒரு பஸ் முந்திக்கொண்டு வந்தபோது அவள் இடது கை தொடைக்குப் போனதை நப்லான் பார்த்தான்.

“எடம் ஈக்கி” என்றான்.

வீட்டில் உம்மா குசினியில் இருந்தாள். கணவன் மௌத்தான பெண் வீட்டோடு இருக்கும் இத்தா முடிய இன்னும் ஒன்றே முக்கால் மாதம் இருந்தது. வாசல் பக்கம் வருவதில்லை. வெள்ளைத் துணியை முக்காடாகப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். நப்லான் டெனிமைப் புரட்டி உள்பக்கத்தை அவள் முன்னால் வைத்தான். வலது தொடையின் வெள்ளைக்கு நேரே விரல் நீளத்துக்கு இரண்டு வரிசைத் தையல்.

“உம்மா, இது நீங்களா?”

நூருன்னிஸா பார்த்தாள். சுளகை ஒதுக்கினாள்.

“கிழிஞ்சி போற மாதிரி ஈந்திச்சி. சொன்னா வுடமாட்டார். தூங்கினதுக்குப் பொறகு எடுத்துத் தச்சேன்.”

“வாப்பாக்குத் தெரியுமா?”

“தெரியாமப் போகுமா? ஒரு நாள் முழுக்க மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டுத் திரிஞ்சார். வேற ஆளுட கை பட ஏலாதாம், விதியாம். மறுநாள் அவராவே கொண்டாந்து தந்தார். ‘இன்னும் ரெண்டு விரல் கீழுக்கும் போடுங்க’ண்டார். அதான் ரெண்டு வரிச.”

நப்லான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

“பயந்தாரா உம்மா? கார்ல?”

“முப்பத்தொரு வருசமா அவர்ட களிசான் எல்லாம் வலது தொடையிலதான் முதல்ல நைஞ்சிச்சி. ஒவ்வொண்ணுக்கும் உள்ளால துண்டு வெச்சித் தச்சிக்கிட்டு வந்தது நான். வீட்டுக்கு வந்து கை கழுவினாத்தான் அவருக்குப் பேச்சே வரும்.” அவள் மறுபடியும் சுளகை இழுத்தாள். “ஊருப் புள்ளைகள் எல்லாம் உசிரோட வீட்டுக்குப் போக வேணும் தானே. பயப்புடாம எப்பிடி?”

அரிசியில் ஒரு கல்லை எடுத்து வீசிவிட்டுக் கேட்டாள்.

“ஒங்கட ஆக்கள் என்ன சொன்னாங்க?”

“ஆல்பத்துல போட ஏலாண்டு சொன்னாங்க.”

“அப்ப இனிக் கழுவலாம் தானே?”

“கழுவிட்டு? ஏழைகளுக்குச் சதகாவாக் குடுக்கவா?”

“முதல்ல கழுவுவோம் மகன். பொறகு பாப்போம்.”

கழுவாத டெனிமை முதல் தடவை எப்படிக் கழுவ வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பச்சைத் தண்ணீர். சவர்க்காரம் இல்லை. பிழியக் கூடாது. உள்பக்கத்தை வெளியே புரட்டிப் போட வேண்டும். கிணற்றடியில் பெரிய பேசினை நிரப்பி, டெனிமைப் புரட்டி, இரண்டு கையாலும் அமிழ்த்திப் பிடித்தான். தண்ணீர் முதலில் சாம்பலாக, பிறகு நீலமாக, பிறகு அடி தெரியாமல் கறுத்தது. தொடைப் பக்கம் மட்டும் காற்றுப் பிடித்து மேலே வந்து நின்றது. நனைந்த தையல் இரண்டு வரிசையும் மேலே தெரிந்தது. நகத்தால் ஒரு தையலை இழுத்துப் பார்த்தான். விடவில்லை.